கண்மாய் நீர்ப்பரப்பு பற்றிய பேப்பர்: எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம்?

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் வடகிழக்குப் பருவமழைக்கு அப்புறம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எத்தனை வாரத்தில் வற்றுகிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்க்கிறேன். முனைவர் பட்ட ஆய்வு, புவித் தகவலியல் துறை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மேகம் மூடியே கிடப்பதால் சென்டினல்-2 செயற்கைக்கோளின் கேமரா படங்கள் பெரும்பாலும் உதவவில்லை, அதனால் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ராடார் படங்களையும் சேர்த்துக் கூகுள் எர்த் என்ஜினில் (செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் தளம்) செய்தேன். சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்ட கண்மாய்களில் ராடாரும் தடுமாறுகிறது. மரத்தடியில் நிற்கும் தண்ணீர் தண்ணீராகவே பதிவாவதில்லை. அந்தப் பிழை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஜிபிஎஸ்ஸோடு நீர் விளிம்பை ஒட்டி நடந்து அளந்து வைத்திருக்கிறேன், என் வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான்.

இப்போது எங்கே அனுப்புவது என்பதில் குழப்பம். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் இருக்கிற ஜர்னலாக இருந்தால் போதும், சீக்கிரம் வரவேண்டும் என்கிறார் கைடு. இம்பாக்ட் ஃபேக்டர் (ஜர்னலின் பேப்பர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் ஆகின்றன என்ற எண்) அதிகமாக இருப்பதற்கு முதலில் அனுப்பு, ரிஜெக்ட் ஆனால் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கு என்கிறார் லேப் சீனியர். நடுவில் சிறப்பிதழுக்கு எழுதுங்கள், சில நாளில் முடிவு சொல்லிவிடுவோம் என்று மெயில்கள் வேறு வந்துகொண்டே இருக்கின்றன. ஃபெல்லோஷிப் பணத்தில் வெளியீட்டுக் கட்டணம் கட்ட வழியில்லை. இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

பழைய வரைபடம்:

தம்பி, ஜர்னல் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் பேப்பரின் ரெஃபரன்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீர்ப்பரப்பு வேலை என்றால் படத்தில் தண்ணீரைப் பிரித்துக் காட்டும் குறியீடு பற்றி மெக்ஃபீட்டர்ஸ் 1996-இல் எழுதியதும் அதைத் திருத்தி ஷூ 2006-இல் எழுதியதும் கட்டாயம் இருக்கும், இரண்டுமே இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ரிமோட் சென்சிங்கில் வந்தவை. எர்த் என்ஜின் பற்றிய 2017 பேப்பர் ரிமோட் சென்சிங் ஆஃப் என்விரான்மென்ட்டில் வந்தது. நீங்கள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த ஜர்னலின் பெயர் அங்கே திரும்பத் திரும்ப வருகிறதோ, உங்கள் பேப்பரைப் படிக்கப்போகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு பேப்பரைக்கூட மேற்கோள் காட்டாமல் ஒரு ஜர்னலுக்கு அனுப்பினால், எங்கள் வாசகர்களுக்கு இது எதற்கு என்றுதான் எடிட்டர் கேட்பார்.

மேலிருந்து கீழே இறங்குவதை நான் ஏற்கவில்லை. ரிமோட் சென்சிங் ஆஃப் என்விரான்மென்ட் 1969-இலிருந்து வருகிற ஜர்னல், அவர்கள் கேட்பது வேறு ஊருக்கும் பயன்படுகிற புது முறை அல்லது புதுப் புரிதல். "தெரிந்த ஒரு முறையை எங்கள் மாவட்டத்தில் போட்டுப் பார்த்தோம்" என்ற வடிவத்தில் போனால் ரிவியூவர் (பேப்பரை மதிப்பிடும் நிபுணர்) கைக்கே போகாமல் திரும்பி வந்துவிடும், அடுத்த ஜர்னலுக்கு வடிவம் மாற்றி, மறுபடி காத்திருந்து, இப்படியே ஒரு வருடம் ஓடிவிடும். ஆனால் நீங்கள் சொன்ன சீமைக்கருவேல விஷயத்தைப் பாருங்கள். மரம் மூடிய சிறிய நீர்நிலைகளில் ராடார் எவ்வளவு தண்ணீரைத் தவறவிடுகிறது என்பதைக் களத்தில் அளந்து சொல்வது ராமநாதபுரத்துக்கு மட்டுமான சங்கதி இல்லை. அந்த மரம் குஜராத்திலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் நீர்நிலைகளைப் பிடித்திருக்கிறது. அதைப் பேப்பரின் நடுவில் வைத்து எழுதினால் பெரிய ஜர்னலுக்கே முயலலாம். இப்போதைய வடிவத்தில் அது நாலாவது பகுதியில் ஒரு பத்தியாகக் கிடக்கிறது என்று நினைக்கிறேன், இல்லையென்றால் ரொம்ப நல்லது.

கட்டணம் இல்லாத வழியும் இருக்கிறது. டேராடூனிலிருந்து நடக்கும் இந்தியன் சொசைட்டி ஆஃப் ரிமோட் சென்சிங்கின் ஜர்னல் 1973-இல் ஃபோட்டோநிர்வாசக் என்ற பெயரில் தொடங்கியது, இப்போது ஸ்பிரிங்கர் பதிப்பகம் வழியாக வருகிறது. ஓப்பன் ஆக்சஸ் (எவரும் இலவசமாகப் படிக்கும் வகை) வேண்டாம் என்று டிக் செய்தால் ஒரு ரூபாய் கட்டத் தேவையில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் அகாதமியின் ஜர்னல் ஆஃப் எர்த் சிஸ்டம் சயின்ஸும் ஆசிரியர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை, பேப்பர்களை அகாதமியின் இணையதளத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். இவற்றின் ரிவியூவர்களில் பலருக்குக் கண்மாய் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை, அது பெரிய உதவி.

ராடார்:

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். மெயில்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் கைடு சொல்கிற "ஸ்கோபஸில் இருந்தால் போதும்" என்பது போதாது.

அரேபியன் ஜர்னல் ஆஃப் ஜியோசயின்சஸ் கதையைத் தேடிப் படியுங்கள். ஸ்பிரிங்கர் வெளியிடுவது, ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இரண்டு பட்டியலிலும் இருந்தது. 2021-இல் அதன் சிறப்பிதழ்களில் வந்த 400-க்கும் மேற்பட்ட பேப்பர்கள் மீது பதிப்பாளரே சந்தேகம் தெரிவித்துக் குறிப்பு போட வேண்டியதாயிற்று, பிறகு 44 பேப்பர்களைத் திரும்பப் பெற்றார்கள். கடல் மேற்பரப்பு வெப்பநிலையையும் இசைக் கல்வியையும் ஒரே தலைப்பில் சேர்த்த பேப்பர், மலைப்பகுதி நிலநடுக்கத்தோடு கூடைப்பந்து உடல்தகுதியைச் சேர்த்த பேப்பர் எல்லாம் அதில் இருந்தன. தலைப்பை மட்டும் ஒருவர் படித்திருந்தால்கூட நின்றிருக்கும். அதே ஜர்னலில் நேர்மையாக உழைத்து எழுதியவர்களும் இருந்தார்கள், அவர்கள் பயோடேட்டாவிலும் இப்போது அந்தப் பெயர்தான் நிற்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அதனால் பதிப்பாளர் பெயரையும் இன்டெக்ஸையும் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். அந்த ஜர்னலின் கடைசி இரண்டு இதழ்களைத் திறந்து, உங்கள் துறையில் வந்த மூன்று பேப்பரைப் பொறுமையாகப் படியுங்கள். சரிபார்ப்பு எப்படிச் செய்திருக்கிறார்கள், எத்தனை புள்ளிகளை வைத்துத் துல்லியம் சொல்கிறார்கள், சமர்ப்பித்த தேதிக்கும் ஏற்ற தேதிக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஸ்கோபஸின் சோர்சஸ் பக்கத்தைச் சந்தா இல்லாமலே திறக்கலாம், எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று அங்கே இருக்கும். பாதியில் நீக்கப்பட்ட ஜர்னல்கள் பழைய முத்திரையைக் காட்டிக்கொண்டு மெயில் அனுப்புவது நடக்கிறது. நல்ல ஜர்னலின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துகிறவர்களும் உண்டு, ஆகவே மெயிலில் வந்த லிங்க்கை அழுத்தி ஒருபோதும் சமர்ப்பிக்காதீர்கள், பதிப்பாளர் தளத்திலிருந்து நேராகப் போங்கள்.

மணல்திட்டு:

எல்லாம் சரி, ஆனால் ஆய்வு மாணவருக்குக் கெடு என்று ஒன்று இருக்கிறது. ஃபெல்லோஷிப் முடிகிற தேதிக்குள் பேப்பர் வரவில்லை என்றால் வீட்டு வாடகையை யார் கொடுப்பது?

முதலில் உங்கள் பல்கலைக்கழக விதியை எழுத்தில் வாங்கிப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 விதிமுறையில் ஆய்வேட்டுக்கு முன் பேப்பர் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டது, யுஜிசி-கேர் என்ற தன் ஜர்னல் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் பல பல்கலைக்கழகங்கள் சொந்த விதி வைத்திருக்கின்றன. சில இடங்களில் ஏற்புக் கடிதமே போதும். அது தெரிந்தால் உங்களுக்கு எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும், கைடின் அவசரமும் நிஜமானதா என்று புரியும்.

இன்னொன்று, பணம் வாங்குகிற ஜர்னல் எல்லாம் மோசம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் ரிமோட் சென்சிங் ஜர்னலான ஜேஸ்டார்ஸ் 2020-இலிருந்து முழுக்க ஓப்பன் ஆக்சஸ், கட்டணம் உண்டு, மரியாதையும் உண்டு. எம்டிபிஐ என்ற பதிப்பகத்தின் ரிமோட் சென்சிங் என்ற ஜர்னலில் நல்ல பேப்பர்கள் நிறைய இருக்கின்றன. 2011-இல் அதன் தலைமை ஆசிரியர் வுல்ஃப்காங் வாக்னர், ஒரு காலநிலைப் பேப்பரை ஏற்றதே தவறு என்று வெளிப்படையாக எழுதிப் பதவி விலகியதும் அதே ஜர்னலில்தான். ஒரு பெயரை வைத்து மொத்தமாகத் தள்ளவும் முடியாது, மொத்தமாக நம்பவும் முடியாது.

நீரியல்காரி:

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஐரோப்பிய புவி அறிவியல் ஒன்றியத்துக்காகக் கோபர்னிகஸ் பதிப்பகம் வெளியிடும் ஜர்னல்களில் ரிவியூ வெளிச்சத்தில் நடக்கிறது. 2001-இல் வளிமண்டல வேதியியல் ஜர்னலில் தொடங்கியது, இப்போது ஹைட்ராலஜி அண்ட் எர்த் சிஸ்டம் சயின்சஸ், நேச்சுரல் ஹசார்ட்ஸ் அண்ட் எர்த் சிஸ்டம் சயின்சஸ் எல்லாவற்றிலும் இதே முறைதான். நீங்கள் அனுப்பியது முதலில் முன்பதிப்பாக, அதாவது ரிவியூ முடிவதற்கு முன்பே, வெளியாகும், ரிவியூவர்கள் எழுதியது, நீங்கள் சொன்ன பதில், நடுவில் யாராவது வந்து கேட்ட கேள்வி எல்லாமே பொதுவில் நிற்கும், எவரும் படிக்கலாம்.

நீங்கள் அங்கே அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, படியுங்கள். சிறிய நீர்நிலைகள், ராடார் என்று தேடி ஐந்தாறு விவாதங்களை முழுசாகப் படித்தால் உங்கள் பேப்பருக்கு வரப்போகும் கேள்விகளில் பாதி முன்கூட்டியே தெரிந்துவிடும். காற்றில் அலையடிக்கும் நாளில் தண்ணீர் ராடாரில் நிலம் மாதிரித் தெரியுமே, அதற்கு என்ன செய்தீர்கள்? பத்து மீட்டர் பிக்சலை வைத்து ஒரு ஹெக்டேர் கண்மாயின் ஓரத்தை எப்படி அளந்தீர்கள்? களத்தில் நடந்த தேதிக்கும் படத்தின் தேதிக்கும் இடையில் தண்ணீர் எவ்வளவு இறங்கியது? இந்த மூன்றையும் நிச்சயம் கேட்பார்கள். மூத்தவர்கள் எப்படிக் கோபப்படாமல் பதில் எழுதுகிறார்கள் என்பதை வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை, அங்கே பார்த்துக் கற்கலாம்.

கட்டணம் இல்லாத புது ஜர்னல்களும் வருகின்றன. எரிமலைக்காரர்கள் 2018-இல் வோல்கானிகா, நிலநடுக்கக்காரர்கள் 2022-இல் சைஸ்மிகா என்று தாங்களே தொடங்கினார்கள், எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் செலவில்லை. இடத்தகவல் அறிவியலுக்கு 2010-இலிருந்து ஜர்னல் ஆஃப் ஸ்பேஷியல் இன்ஃபர்மேஷன் சயின்ஸ் அப்படி நடக்கிறது, ஆனால் அது கோட்பாடு, அல்காரிதம் பக்கம் சாய்ந்தது, உங்கள் வேலைக்குப் பொருந்தாது.

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பழைய வரைபடம் ஐயா சொன்னது சரிதான், சீமைக்கருவேலப் பகுதி ஒரு பத்தியாகத்தான் இருந்தது, அதை நடுவுக்குக் கொண்டுவந்து எழுதுகிறேன். விதியையும் கேட்டேன், ஏற்புக் கடிதம் போதுமாம். இந்தியன் சொசைட்டி ஜர்னலுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். இரண்டு சந்தேகம் பாக்கி: கட்டணம் கட்டாவிட்டால் ஊரில் யாரும் படிக்க முடியாதே? அப்புறம் ஜிபிஎஸ் தரவை என்ன செய்வது?

நீரியல்காரி:

எர்த்ஆர்க்சிவ் என்ற இணையதளத்தில் முன்பதிப்பாக ஏற்றிவிடுங்கள், இலவசம், ஸ்பிரிங்கர் அதை அனுமதிக்கிறது. ஏற்றுக்கொள்ளப்பட்ட வடிவத்தை 12 மாதம் கழித்து உங்கள் நிறுவனக் களஞ்சியத்திலும் போடலாம். நீர்வளத்துறைப் பொறியாளரோ கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கமோ கேட்டால் கொடுக்க லிங்க் ஒன்று இருக்கும்.

ஜிபிஎஸ் தரவை ஜெனோடோ என்ற தரவுக் களஞ்சியத்தில் ஏற்றி டிஓஐ (நிரந்தர அடையாள எண்) வாங்கிப் பேப்பரில் குறிப்பிடுங்கள். ஒவ்வொரு தடத்தோடும் தேதி, நேரம், கருவியின் துல்லியம், மரம் எங்கே அடர்த்தி என்ற குறிப்பு எல்லாம் இருக்கட்டும். அடுத்து எந்த ராடார் செயற்கைக்கோள் வந்தாலும் அதைச் சரிபார்க்க அந்தத் தடங்கள் வேண்டியிருக்கும், இந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்கு அப்படிப்பட்ட தரவு கிடைப்பது அரிது.