அஸ்பிரினும் நொதியக் குளிசையும் ஒன்றையொன்று வெட்டுமா?

உப்புவெளியான்:
அம்மாவுக்கு 67 வயது, இதயத்துக்காக நீண்ட நாளாக அஸ்பிரின் 75 மில்லிகிராம் போடுகிறார். போன கிழமை முழங்கால் பொங்கிப்போய், கோணேசர் கோயில் ஏற்றத்தைப் பாதியிலேயே விட்டுத் திரும்பிவிட்டார். தனியார் டிஸ்பென்சரி ஒன்றில் டைக்ளோபெனாக் என்ற நோக்குளிசையும் செராசியோபெப்டிடேஸ் என்று இன்னொரு குளிசையும் தந்தார்கள். பின்னது புரதத்தைக் கரைக்கிற நொதியமாம், பார்மசித் தம்பி சொன்னார். அஸ்பிரின் வகை மருந்து நொதியத்தை மறிக்கும் என்று உயர்தரத்தில் படித்த ஞாபகம். அப்படியென்றால் ஒன்றை மற்றது வெட்டாதா? நாலு நாளாக நெஞ்செரிவு வேறு.

மருந்துப்பெட்டி:
வெட்டாது. அஸ்பிரின், டைக்ளோபெனாக், இபுபுரூபன் எல்லாம் மறிப்பது சைக்ளோஒக்சிஜனேஸ் என்ற நொதியத்தை. அது புரதம் வெட்டுகிற சாதியே இல்லை, கொழுப்பமிலத்தைப் புரோஸ்டாகிளாண்டினாக மாற்றுகிற ஒன்று. முழங்கால் சிவந்து பொங்கி நோவதில் பெரும்பங்கு அந்தப் புரோஸ்டாகிளாண்டினுடையது. பிரித்தானிய மருந்தியலாளர் ஜோன் வேன் இதைக் காட்டியது 1971 இல், நோபல் பரிசு 1982 இல், அஸ்பிரின் கடைக்கு வந்ததோ 1899 இல். எழுபது வருடமாக எப்படி வேலை செய்கிறது என்றே தெரியாமல் உலகம் விழுங்கியிருக்கிறது! மற்ற மருந்துகள் அந்த நொதியத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு எழும்பிப் போகும், அஸ்பிரின் ஒரு அசற்றைல் துண்டை ஒட்டி ஒரேயடியாகப் பூட்டிவிடும். இரத்தத்தை உறைய வைக்கிற குருதிச் சிறுதட்டுக்குக் கரு இல்லை, புதிதாக நொதியம் செய்யத் தெரியாது, ஆகவே அது சாகும்வரை, 7 முதல் 10 நாள், பூட்டுப் பூட்டுத்தான். 75 போதுமென்று தருவது அதனால்தான். செராசியோபெப்டிடேஸில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை.

கிண்ணியா ராத்தா:
எனக்குப் பயம் அந்த நெஞ்செரிவில். புரதம் தின்கிற நொதியம் ஏற்கெனவே வயிற்றுக்குள் இருக்கிறது தம்பி, பெப்சின். மாட்டிறைச்சியில் பப்பாசிக்காயை அரைத்துப் பூசி வைத்தால் கொஞ்ச நேரத்தில் நார் நாராகப் பிரியுமே, அது பப்பேன் என்ற நொதியத்தின் வேலை. அமிலத்தோடு சேர்ந்த பெப்சின் எங்கள் இரைப்பைச் சுவரையே அப்படி ஆக்கிவிடாமல் காப்பது சீதப்படலம், அதைச் சுரக்க வைப்பதில் இதே புரோஸ்டாகிளாண்டினுக்குப் பங்குண்டு. முழங்காலில் மறிக்கப்போய் இரைப்பையிலும் மறிக்கிறீர்கள். அஸ்பிரினோடு டைக்ளோபெனாக்கும் சேர்ந்தால் புண்ணும் இரத்தக்கசிவும் வரும் ஆபத்து கூடும். சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் முழுக்கத் தப்ப முடியாது, இரத்தத்தில் கலந்து போயும் அதைத்தான் செய்யும். இரைப்பையில் இரத்தம் கசிந்தால் மலம் கறுக்கும், தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள். உம்மாமார் வெட்கத்தில் தானாகச் சொல்லமாட்டார்கள். இதயத்துக்கான அஸ்பிரினை மட்டும் டொக்டரைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம்.

உள்துறைமுக வீதி:
பல்லுப் பிடுங்கியபோது எனக்கும் அந்த நொதியக் குளிசைதான் தந்தார்கள், மூன்று நாளில் வீக்கம் வற்றியது. சும்மா குறை சொல்லாதீர்கள்.

மருந்துப்பெட்டி:
போடாவிட்டாலும் வற்றியிருக்கும் அண்ணா. பட்டுப்புழுக் குடலில் இருந்த பக்டீரியாவிலிருந்து எடுத்தது அது. அதுவும் ஒரு புரதம், சமிக்காமல் மிஞ்சுவதற்கே இரைப்பையில் கரையாத பூச்சுப் போடவேண்டும். ஜப்பானில் அதை விற்ற கம்பனியே வெற்றுக் குளிசையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் தெரியவில்லை என்று 2011 இல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. இன்னொன்று, முடக்குவாதத்தில் மூட்டின் குருத்தெலும்பை அரிப்பதும் கொலாஜனேஸ் மாதிரி எங்கள் உடம்பே விடுகிற புரதம் வெட்டும் நொதியங்கள்தான். டைக்ளோபெனாக் நோவைக் குறைக்கும், அந்த அரிப்பை நிறுத்தாது. அதற்கு மெதோட்ரெக்சேட் போல வேறு மருந்து. அம்மாவுடையது எந்த வாதம் என்று யாராவது பார்த்தார்களா?

உப்புவெளியான்:
ராத்தா சொன்னபடி கேட்டேன். இரண்டு நாளாகக் கறுப்பாம். இரும்புச்சத்துக் குளிசையால் என்று நினைத்தாராம், அதை விட்டே ஒரு மாதம்! ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துதான் எழுதுகிறேன், மூன்று குளிசைக் கார்ட்டும் கையில். எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.