கறுப்புக் கோட்டைக் கழற்றிய பிறகு (வக்கீல் தொழிலிலிருந்து அரசு வேலைக்குப் போன பிறகு) சந்தித்த ஒருவர்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் (ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கெடிலக்கரை

கடலூரில் ஒன்பது வருஷம் எல்.ஏ. (நிலமெடுப்பு) கேஸ் நடத்தினேன், எல்லாமே நிலம் கொடுத்தவர்கள் பக்கம். அப்புறம் நான்கு வருஷம் ஒரு நிலமெடுப்பு அலுவலகத்தில் சட்ட அலுவலர். இப்போது சட்ட முன்வரைவுகளுக்கும் விதிகளுக்கும் கருத்து எழுதும் வேலை. இதையெல்லாம் விரிவாகச் சொல்ல வரவில்லை. ஒரு மத்தியானத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

2009. குள்ளஞ்சாவடி பக்கத்து ஆயா ஒருவர், 28ஏ மனு போட்டிருந்தார். பழைய நிலமெடுப்புச் சட்டத்தில், இன்னொருவருக்குக் கோர்ட் கூட்டிய விலையைத் தனக்கும் கேட்கும் மனு அது. பக்கத்து நிலத்துக்காரர் விலை போதாது என்று ரெஃபரன்ஸ் கேட்டு (கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்லி), சென்ட்டுக்கு 900 ரூபாய் என்றிருந்ததை சப் கோர்ட்டில் 4,200 ஆக்கிவிட்டார். ஆயாவின் நிலமும் அதே நிலமெடுப்பு அறிவிக்கையில் போனதுதான். ஆனால் தீர்ப்பு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சட்டம் கொடுப்பது மூன்று மாதம். நகல் வாங்க ஆன நாள்களைக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ‘எனக்குத் தெரிந்த நாளிலிருந்து எண்ணுங்கள்’ என்று கேட்க முடியாது. மர்ரி வெங்கையா வழக்கில் 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தள்ளுபடிக் குறிப்பை எழுதியவன் நான். அதில் சட்டப்படி ஒரு பிழையும் கிடையாது.

ஆணையை வாங்கிக்கொண்டதற்கு ஆயா கைநாட்டு வைக்க வேண்டும். உதவியாளர் அவருடைய கட்டைவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினார். வெறும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது, ஒரு ரேகைகூட இல்லை. முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொட்டைப் பால் பட்டுப் பட்டுத் தோல் உரிந்து விரல் நுனி வழவழவென்று ஆகியிருக்கும். மூன்று தடவை வைத்தும் அதே திட்டு. ஆயா விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, “இந்தக் கையில வருதா பாருங்க தம்பி” என்று வலது கையை நீட்டினார். அதிலும் வரவில்லை.

கிளம்பும்போது என்னைக் கேட்டார்: “அப்போ இனிமே ஒண்ணும் கிடையாதா?”

“காலம் போயிடுச்சு ஆயா” என்றேன்.

அதே அறிவிக்கையில் இன்னும் இரண்டு எல்.ஏ.ஓ.பி. (விலையை உயர்த்தக் கேட்டுக் கோர்ட்டில் நடக்கும் வழக்கு) நிலுவையில் இருந்தன. இரண்டு கேஸ் கட்டும் என் மேசைமேலேயே இருந்தன. நான் சொல்லவில்லை.

ஆல்பேட்டை

நான் டிஃபென்ஸ் பக்கம் இருந்து டிஎன்பிஎஸ்சி எழுதி ஏபிபி (உதவி அரசு வழக்கறிஞர்) ஆனவன். பாண்டியிலிருந்து பாட்டில் கடத்திய வழக்கு ஒன்றில் ஓர் ஏட்டய்யாவைக் குறுக்கு விசாரணையில் உரித்தெடுத்திருக்கிறேன். மகஜர் (கைப்பற்றிய பொருளுக்குச் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) எழுதும்போது வெளிச்சம் எங்கிருந்து வந்தது, சாட்சி எந்த ஊர்க்காரர், சீல் யார் கையில் இருந்தது என்று கேட்டதில் வழக்கே கலைந்துபோனது. ஆறு வருஷம் கழித்து, நான் ஏபிபி ஆன பிறகு, அதே ஏட்டு என் சாட்சியாக வந்தார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அன்றைக்கு நான் கேட்ட கேள்விகள் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தன. “ஒவ்வொரு மகஜருக்கும் இதைப் பார்த்துத்தான் எழுதுறேன் சார்” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

முன்சீப் கோர்ட் வாசல்

கெடிலக்கரை சார், நீங்கள் உங்களையே வருத்திக்கொள்கிறீர்கள். நீங்கள் அன்று அரசு அலுவலர். கேட்பவர் எதிர்த்தரப்பு. எதிர்த்தரப்புக்கு வழி சொல்லிக் கொடுத்திருந்தால் அதுதான் தவறு. அதோடு, மற்ற இரண்டும் நிலுவையில் இருந்து என்ன பயன்? முதல் தீர்ப்பிலிருந்துதானே மூன்று மாதம்? அது முடிந்தால் முடிந்ததுதான்.

கெடிலக்கரை

இல்லை சார். முதல் தீர்ப்புதான் கணக்கு என்று பாபுவா ராம் வழக்கில் சொன்னதை பிரதீப் குமாரி வழக்கில் 1995-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு மாற்றிவிட்டது. அதே அறிவிக்கையில் அடுத்து வரும் எந்தத் தீர்ப்பை வைத்தும் மூன்று மாதத்துக்குள் மனு போடலாம். ஒருமுறை 28ஏ-வில் உயர்த்தி வாங்கியவர்தான் திரும்பக் கேட்க முடியாது. ஆயா ஒரு ரூபாய்கூட உயர்த்தி வாங்கவில்லை. வழி இருந்தது. அது தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன், அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து இதை எழுதுகிறேன்.

பாகூர் மடை

வாசல் சார் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அரசு என்றால் தனியார் கம்பெனி மாதிரி ஒரு ‘எதிர்த்தரப்பு’ இல்லை. நிலத்தை எடுத்ததும் அரசு, நியாயமான விலை கொடுக்கக் கடமைப்பட்டதும் அரசு. சட்ட யோசனையை அவரே சொல்ல வேண்டாம், சரி. “சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க ஆயா, பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, இலவசமா வக்கீல் வைப்பாங்க” என்று சொல்ல எந்த விதி தடுத்தது? 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவு அப்படித்தான் இருக்கிறது.

என் கதை சின்னது. புதுச்சேரியில் பிராக்டிஸ், அப்புறம் அரசில் சட்டம் சார்ந்த வேலை. ஒரு பெரியவர் பழைய பத்திரம் கொண்டுவந்தார், முழுக்க பிரெஞ்சு. பாதி நிலம் பாகூரில், பாதி கடலூர் தாலுகாவில், நடுவில் ஒரு வரப்புதான். கடலூர்ப் பக்க நிலம் பூர்வீகம் என்றால் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு. பாகூர்ப் பக்கத்தில் பழைய புதுச்சேரி வழக்காற்றுச் சட்டப்படி அப்பா இருக்கும்வரை சொத்து முழுக்க அப்பாவுடையது, மகனுக்குப் பிறப்பால் உரிமை இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே வந்ததே 1963-ல்தான். இதையெல்லாம் அவருக்கு நன்றாக விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டுப் பத்திரத்தை என் பக்கம் திருப்பி, “இதுல என் பேரு எங்கம்மா இருக்கு?” என்றார். எனக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. அவர் விரல் காகிதத்தின்மேல் காத்திருந்தது. அடுத்த மாதமே பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். அவர் திரும்ப வரவில்லை.

மஞ்சக்குப்பம் சீனியர்

இங்கே சட்டக் கல்லூரிப் பிள்ளைகளும் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். நானும் கொஞ்ச காலம் அரசு வக்கீலாக இருந்தேன். துறையிடமிருந்து பாரா வைஸ் ரிமார்க்ஸ் (பத்தி வாரியான பதில்) வராமல் ஒரு வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆனதுதான் (நம் தரப்பு இல்லாமலே முடிந்ததுதான்) எனக்கு மறக்காதது, அதை விடுங்கள்.

முழுநேரச் சம்பள வேலைக்குப் போகிறீர்கள் என்றால் பார் கவுன்சிலுக்கு எழுதி சன்னதை (வக்கீல் பதிவை) நிறுத்தி வையுங்கள். பலர் மறந்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். கோர்ட்டில் நின்று வாதாடும் அரசு வக்கீல்களும் ஏபிபிகளும் வழக்கறிஞர்களாகவே தொடர்கிறார்கள் என்று 2013-ல் தீபக் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அலுவலகத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதுகிறவர்களின் நிலைமை வேறு. நீதிபதித் தேர்வு எழுதுகிறவர்கள் 2025 மே தீர்ப்பைப் பாருங்கள், சிவில் நீதிபதி பதவிக்கு இப்போது மூன்று வருஷ பிராக்டிஸ் வேண்டும். அதனால் முதல் மூன்று வருஷத்தை வீணாக்காதீர்கள். சீனியர் ஆபீசில் குமாஸ்தா பக்கத்தில் உட்கார்ந்து நகல் மனு போடுவதிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். அரசுமேல் வழக்குப் போடுமுன் அனுப்பும் 80-ஆம் பிரிவு நோட்டீசுக்கு வந்த பதிலைப் படியுங்கள், பதில் வராத நோட்டீஸ்களை எண்ணியும் பாருங்கள். கொள்கை வகுக்கும் வேலைக்கு ஆசைப்படுகிறவர்கள் நேரே அங்கே போகாதீர்கள். ஒரு வாய்தாவுக்குக் கட்சிக்காரர் எத்தனை பஸ் மாறி வருகிறார் என்று தெரியாதவர் எழுதும் விதியில் ‘நேரில் ஆஜராகி’ என்று ஒரு வார்த்தை சும்மா வந்து உட்கார்ந்துவிடும்.

கெடிலக்கரை

சீனியர் கடைசியில் சொன்னது என் இப்போதைய வேலை. புதிய நிலமெடுப்புச் சட்டமான 2013 சட்டத்திலும் 73-ஆம் பிரிவில் அதே மூன்று மாதம்தான் இருக்கிறது. ஒரு விதி வரைவுக்குக் கருத்து கேட்டபோது ஒரே வரி எழுதினேன்: ஒருவருக்கு விலை உயர்ந்தால், அதே அறிவிக்கையில் நிலம் இழந்த மற்ற எல்லோருக்கும் அலுவலகமே தமிழில் கடிதம் அனுப்ப வேண்டும். முகவரி எல்லாம் அலுவலகத்தில் இருக்கிறது, செலவு தபால்தலை மட்டும். இறுதி வடிவத்தில் அந்த வரி இல்லை. அடுத்த தடவையும் எழுதினேன். மறுபடியும் எழுதுவேன்.

முந்திரிக்காடு

நான் வக்கீல் இல்லை, தம்பி சொல்லிப் படிக்க வந்தேன். எங்கள் பெரியப்பா நிலமும் குள்ளஞ்சாவடி பக்கம் எடுத்தது. அவருடைய எல்.ஏ.ஓ.பி. ஒருமுறை டிஃபால்ட்டில் (ஆஜராகாததால்) தள்ளுபடியாகி, திரும்ப எடுத்து, இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது. போன வாரம்கூட நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அது நீங்கள் சொல்லும் அறிவிக்கைதானா?

கெடிலக்கரை

பெரியப்பாவின் கேஸ் கட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள், 4(1) அறிவிக்கையின் (நிலம் எடுக்கப்போவதாக வந்த முதல் அறிவிக்கையின்) தேதி இருக்கும். அதையும் ஊர்ப் பெயரையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். இன்றைக்கே அனுப்பினால் நல்லது. ஆயாவுக்கு ஒரு மகள் இருந்தார், முகவரி என் பழைய டைரியில் இருக்கிறது.