பூச்சிகளை வைத்து ஒரு கோடைக்கால பார்ட்டி: எங்கள் அனுபவம்

என் மகளுக்கு ஏழு வயது முடிந்தபோது, கோடை விடுமுறையில், பூச்சி பார்ட்டி வேண்டும் என்று அவளேதான் கேட்டாள். எறும்போ வண்டோ எது கண்ணில் பட்டாலும் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிடுகிற பிள்ளை. ஒன்பது குழந்தைகள் வந்தார்கள். ஒரு வாரமாக வண்ணத்தாளில் இறக்கை வெட்டி, மெல்லிய கம்பியில் உணர்கொம்பு செய்து, பிளாஸ்டிக் பூச்சிகளை மணலில் புதைத்து எல்லாம் தயாராக வைத்திருந்தேன். இறக்கை கட்டிக்கொண்டு ஓடுவதில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் பிளாஸ்டிக் பூச்சி தேடுவது பத்தே நிமிடத்தில் அலுத்துவிட்டது. அப்புறம் ஒரு பையன் தோட்டத்து மூலையில் கிடந்த செங்கல்லைப் புரட்டினான். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் அங்கே போய்விட்டது.

அடியில் ஒரு மரவட்டை, தொட்டதும் சுருண்டுகொண்டது. பக்கத்தில் எறும்புகள் வெள்ளை வெள்ளையாக எதையோ வாயில் கவ்விக்கொண்டு சிதறி ஓடின. “முட்டை, முட்டை” என்று கத்தினார்கள். அவ்வளவு பெரிதாகத் தெரிந்தவை முட்டை இல்லை, புழுக்களும் கூட்டுப்புழுக்களும். எறும்பு முட்டை இதைவிட மிகச் சிறியது. எறும்புகள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன என்று சொன்னதும் ஒரு பெண் உடனே செங்கல்லை மெதுவாக மூடிவிடச் சொன்னாள். ஆறு கால் இருந்தால்தான் பூச்சி என்றேன், அப்புறம் கண்ணில் பட்டதற்கெல்லாம் கால் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். சிலந்திக்கு எட்டு, அதனால் அது பூச்சி இல்லை. மரவட்டைக்கு எண்ணி மாளவில்லை.

பெரிய வெற்றி எறும்பு வரிசைதான். சுவரோரம் போய்க்கொண்டிருந்த வரிசையின் குறுக்கே ஈர விரலால் ஒரு கோடு இழுத்துத் துடைத்தோம். அவை போகிற வழியில் விட்டுப் போகும் வாசனையைப் பிடித்துத்தான் மற்றவை பின்னால் வருகின்றன, அதை நாங்கள் அழித்துவிட்டோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தவை டக்கென்று நின்று, உணர்கொம்பை ஆட்டி ஆட்டித் துழாவின, திரும்பின, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. கடைசியில் ஒன்று குறுக்கே கடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. சில நிமிடத்தில் பழையபடி வரிசை. ஒன்பது பேரும் மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு ஜாடி கொடுத்திருந்தேன், மூடியில் ஓட்டை போட்டுத்தான். ஒரு குழந்தை பொறிவண்டு ஒன்றைப் பிடித்து, ஜாடியை மதில்மேல் வெயிலில் வைத்துவிட்டு உள்ளே விளையாடப் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் வண்டு மல்லாந்து கிடந்தது. வெயிலில் ஜாடிக்குள் எவ்வளவு சீக்கிரம் சூடேறும் என்று முதலிலேயே யோசித்திருக்க வேண்டியது நான். “நான் கொன்னுட்டேனா?” என்று அது கேட்டதை இன்னும் மறக்க முடியவில்லை. இல்லை கண்ணு, சொல்லாமல் விட்டது என் தப்பு என்றேன். ஜாடிகளை எல்லாம் திரும்ப வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகு என் வீட்டில் ஒரே பழக்கம்தான்: கையில் எடுத்தால் இரண்டு நிமிடம், பிறகு எடுத்த இலையிலேயே விட வேண்டும்.

சாயங்காலம் என் மகள் இன்னொரு பொறிவண்டைக் கண்டுபிடித்து அந்தக் குழந்தையின் கையில் விட்டாள். அது விரல் நுனி வரை விறுவிறுவென்று ஏறி நின்றது, முதுகு ஓடு இரண்டு கதவு மாதிரி திறந்தது, உள்ளே மடித்து வைத்திருந்த மெல்லிய இறக்கை விரிந்தது, பறந்துவிட்டது. ஓடு வேறு, பறக்கிற இறக்கை வேறு என்று அன்றைக்குத்தான் அத்தனை பேரும் கண்ணால் பார்த்தார்கள்.

* * *

மேலே ஒருவர் எழுதிய ஜாடி விஷயம் படித்ததும் மனசு கனத்துவிட்டது. நாங்கள் இந்த வம்பே வேண்டாம் என்று எங்கள் பூச்சி பார்ட்டியை ராத்திரியில் வைத்தோம். கொடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி முன்னால் ஒரு பல்பு, வேறு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்துப்பூச்சிகள் வந்து உட்கார ஆரம்பித்தன. ஒன்றுக்கு உணர்கொம்பு இறகு மாதிரியே இருந்தது, பட்டாம்பூச்சிக்கு நுனியில் சின்ன குமிழ் இருக்குமே, அப்படி இல்லை. ஒரு பையன் பயந்து அம்மா மடியைவிட்டு இறங்கவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. அரை மணி நேரம் கழித்து அவனே வந்து துணியை ஒட்டி நின்றான், அப்புறம் அவனைக் கிளப்புவதுதான் கஷ்டமாகிவிட்டது. ஒன்று மட்டும், ஒரு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள். விட்டால் பாவம், ராத்திரி முழுக்க அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

* * *

மேலே எழுதிய இருவரும் கம்பளிப்பூச்சியைப் பற்றிச் சொல்லவில்லையே. எங்கள் பார்ட்டியில் ஒரு சின்னப் பெண் மெத்தென்று இருக்கிறதே என்று தடவிவிட்டாள், கை முழுக்கத் தடித்துவிட்டது. தேய்க்க விடாதீர்கள், தேய்த்தால் முடி இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை மேலே ஒட்டி ஒட்டி எடுத்தால் முடி வந்துவிடும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டாலோ மூச்சு வாங்கினாலோ நேராக மருத்துவரிடம்தான்.

அன்றிலிருந்து கூப்பிடும்போதே யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் கேட்டுவிடுகிறேன். போன முறை ஒரு அம்மா, தேனீ கொட்டினால் என் மகனுக்கு மூச்சுத் திணறும், மருந்து ஊசி பையிலேயே இருக்கும் என்று சொன்னார். பூச்செடிப் பக்கமே போகாமல், நிழலில் எறும்பு வரிசையோடு நிறுத்திக்கொண்டோம். அந்தப் பையன்தான் அன்றைக்கு வரிசையின் குறுக்கே ஈர விரலால் கோடு இழுத்துத் துடைத்துவிட்டு, எந்த எறும்பு முதலில் கடக்கும் என்று கடைசிவரை உட்கார்ந்து பார்த்தான்.