பொருள்: மறு: கான்ஜெனிட்டல் சிபிலிஸ் – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்புள்ள குழுவினருக்கு,

மேலூர்ப் பக்கம் கிராமச் செவிலியர்களுக்கான ஒரு பக்கக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகம் போகிறது. தாயிடமுள்ள சிபிலிஸ் என்னும் பால்வினை நோயின் கிருமி நஞ்சுக்கொடி வழியே கருவிலேயே குழந்தையைத் தொற்றுகிறதே, அதற்குப் பெயர் வேண்டும். 'பிறவி மேகநோய்' என்று போட்டு வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.
– மதுரை மொழிபெயர்ப்பாளர்

---

'பிறவி' கூடவே கூடாது. பிறவிக் குருடு, பிறவி ஊமை என்று மாறாத குறைக்குச் சொல்வது அது. இதுவோ நேரத்தோடு பென்சிலின் போட்டால் தீர்வது. கரு + மேகநோய் = கருமேகநோய். இயல்புப் புணர்ச்சி, இலக்கணம் இடிக்கவில்லை.
– புலவர்

---

ஐயா, எங்கள் கண்மாய் காய்ந்து கிடக்கிறது. கருமேகம் என்றால் ஊரே ஓடிவந்து வாசலில் நிற்கும்!
– திருமங்கலத்தான்

---

சிரிப்பது எளிது. மழை மேகம் வேறு, நோய் மேகம் வேறு. பின்னது வடமொழி 'மேஹ', சிறுநீர் ஒழுக்கு. நீரிழிவு 'மதுமேகம்' ஆனதும் அதனால்தான். தமிழில் இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. கலப்பு வேண்டாமென்றால் 'பரங்கிப்புண்' இருக்கிறது. பரங்கியரோடு வந்ததாக நம்மவர் கருதி இட்ட பெயர். இத்தாலியர் இதையே பிரெஞ்சு நோய் என்றார்கள். 'சிபிலிஸ்' மட்டும் என்ன, 1530இல் வந்த ஒரு லத்தீன் கவிதையின் ஆட்டிடையன் பெயர்தானே!
– புலவர்

---

பரங்கிப்பட்டை, பரங்கிக்காய் என்று அடுத்து எங்கே போவோம் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

நான் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். ஒரு குழந்தை, பிறந்து இருபது நாள். மூக்கில் சளி, அதில் இரத்தம். உள்ளங்காலில் தோல் உரிகிறது. இடது கையைத் தூக்கவே இல்லை, தொட்டால் வீறிடுகிறது. வாதம் இல்லை, எலும்பு நோவு. பாட்டி 'செவ்வாப்பு' (குழந்தைக்கு உடல் சிவக்கும் நோய்) என்று நாட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். புலவர் ஐயா அடுத்து 'கிரந்தி' என்பார்; மேகநோய்க்கும் குழந்தைகளின் தோல் கொப்புளத்துக்கும் அதே பெயர். அதை அச்சில் பார்த்தால் வீட்டில் கிரந்தி எண்ணெய்தான் தேடுவார்கள். இந்தக் குழந்தைக்கு வேண்டியது பத்து நாள் பென்சிலின் ஊசி. அந்த மூக்குச்சளியும் தொற்றும், கையுறை இல்லாமல் துடைக்கக் கூடாது. பிறக்கும்போது ஒன்றுமே தெரியாத குழந்தைகளும் பலர் உண்டு. ஆகவே தாயின் வி.டி.ஆர்.எல். (சிபிலிஸுக்கான இரத்தப் பரிசோதனை) சீட்டில் இருக்கும் நோயும் கையேட்டில் இருக்கும் நோயும் ஒன்று என்று செவிலிக்குச் சட்டென்று புரிய வேண்டும்.
– பயிற்சியாளர்

---

'தாய்வழிச் சிபிலிஸ்'?
– திருமங்கலத்தான்

---

வேண்டாம் அண்ணே. பல வீடுகளில் அவளுக்கு அதைக் கொடுத்தவன் புருஷன். பெயரில் மட்டும் தாயா? பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பே அவளுக்கு முறையாகப் பென்சிலின் போட்டிருந்தால் குழந்தைக்குப் பெரும்பாலும் வந்திருக்காது. பழிக்குப் பயந்து அவள் பரிசோதனைக்கே வராமல் போனால்?
– பயிற்சியாளர்

---

அப்படியானால் 'கருவழித் தொற்று'. யார் மேலும் பழி இல்லை, தூய தமிழ்.
– புலவர்

---

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எச்.ஐ.வி., ரூபெல்லா எல்லாமும் கருவழி வரும். எந்தத் தொற்று என்று மறுபடியும் சிபிலிஸையே பக்கத்தில் எழுத வேண்டும்.
– பயிற்சியாளர்

---

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். குழுவில் மற்ற ஐந்து பேர் 'பிறவி சிபிலிஸ்' போதும் என்கிறீர்கள், அதையே போடுகிறேன். முதல் வரியில் 'கருவில் தொற்றுவது, சிகிச்சை உண்டு' என்று சேர்த்துவிட்டேன். ஐயா மன்னிக்க.
– மதுரை மொழிபெயர்ப்பாளர்

---

மன்னித்தேன், ஒப்பவில்லை. போடுவதென்றால் 'பிறவிச் சிபிலிஸ்' என்று ஒற்றாவது போடுங்கள்.
– புலவர்

---

ஒற்றுப் போட்டால் வாசிக்கிறவர் நாக்கில் அது 'ச்சிபிலிஸ்' ஆகிவிடுமே ஐயா.
– திருமங்கலத்தான்

---

ஆகட்டும். பிறமொழிச் சொல்லைக் கூட்டிவந்தது நானில்லை.
– புலவர்