ஏ, ஈ, ஐ, ஓ, யூ இல்லாத ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள்: பொருளோடு வேண்டும்

ஜெலுத்தோங் அம்மா:
வணக்கம், பினாங்கிலிருந்து எழுதுகிறேன். மகள் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 5 படிக்கிறாள், எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். நேற்று இரவு சாப்பிட்ட மேசையைத் துடைத்துவிட்டு அங்கேயே பலகையை விரித்தோம். அவள் கையில் இருந்த ஏழு காய்: ஆர், ஒய், டி (T), எச், எம், பி (P), எல். ஓர் உயிரெழுத்துகூட இல்லை. மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்துவிட்டு "பாஸ்மா" என்று சொன்னபோது கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கைப்பேசியில் தேடினால் சொற்கள் வரிசையாக வருகின்றன, பொருள் இல்லை. குழு ஆசிரியரோ சொல்லை வைத்தால் பொருளும் சொல்ல வேண்டும் என்கிறார். தமிழில் பொருள் சொன்னால் அவளுக்கு மனத்தில் நிற்கும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர்:
அம்மா, பாப்பாவின் கையில் ஓர் உயிர் இருந்தது. ஒய்தான் அது. நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் இடறுகிறார்கள். மலாயில் ஒய் எப்போதும் மெய்தான்: யாங், ஆயாம், பாயார். தமிழிலும் ய் மெய். அதனால் ஒய்யைப் பார்த்ததும் பக்கத்தில் ஓர் உயிரைத் தேடுகிறார்கள். ஆங்கிலத்தில் அது சொல்லின் தொடக்கத்தில் மெய். நடுவில் வந்தால் பெரும்பாலும் 'இ' அல்லது 'ஐ'.

அந்த ஏழில் 'லிம்ஃப்' இருந்தது: எல், ஒய், எம், பி, எச். நிணநீர் என்று பொருள். காய்ச்சலில் கழுத்தோரம் நெறி கட்டுமே, அது நிணநீர்க் கணு வீங்குவதுதான். அவள் கழுத்தையே தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள், மறக்கமாட்டாள். 15 புள்ளி.

'எல்' எழுத்தை எடுத்துவிட்டு முன்னால் 'என்' எழுத்தை வைத்தால் 'நிம்ஃப்'. கிரேக்கக் கதைகளில் நீரிலும் காட்டிலும் வாழும் அணங்கு. அறிவியலில், முட்டையிலிருந்து வெளிவந்து இறக்கை இன்னும் முழுதாக வளராத வெட்டுக்கிளி, தும்பி.

'கிளிஃப்' (ஜி, எல், ஒய், பி, எச்) என்றால் செதுக்கிய குறி. எகிப்தியச் சித்திர எழுத்தின் பெயரிலும் இந்தச் சொல் இருக்கிறது. 'கிரிப்ட்' (சி, ஆர், ஒய், பி, டி) தேவாலயத்தின் அடியில் இருக்கும் நிலவறை. மறைத்தல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இப்போது எல்லோரும் பேசும் கிரிப்டோவும் அதே வேர். நடுவில் ஒய், கூடவே பி-எச் அல்லது ஆர்-எச் சேர்ந்து வந்தால் அநேகமாகக் கிரேக்க வழி வந்த சொல்.

'ட்ரிஸ்ட்' (டி, ஆர், ஒய், எஸ், டி) கிரேக்கம் அல்ல. ஆனால் எனக்கு மிகப் பிடித்தது. காதலர் பிறர் அறியாமல் சந்திக்கக் குறித்த இடம், நேரம். நம் அகப்பாடல்களில் பகற்குறி, இரவுக்குறி என்று வருகிறதே, அந்தக் 'குறி' இதற்கு அப்படியே பொருந்தும்.

பட்டர்வொர்த் அக்கா:
'மிர்' விட்டுப்போச்சே! எம், ஒய், இரண்டு ஆர், எச். மரத்திலிருந்து வடியும் நறுமணப் பிசின். குழந்தை இயேசுவுக்கு ஞானிகள் கொண்டுவந்த மூன்று காணிக்கைகளில் ஒன்று; தமிழ் வேதாகமத்தில் வெள்ளைப்போளம் என்றிருக்கும்.

செந்தூல் அண்ணன்:
தங்கச்சி, ஒரு சந்தேகம். பலகையில் எங்காவது எச் கிடந்ததா?

ஜெலுத்தோங் அம்மா:
கிடந்தது அண்ணே. நான்தான் 'ஹவுஸ்' வைத்திருந்தேன்.

செந்தூல் அண்ணன்:
அப்படியென்றால் அந்த எச்சைக் குறுக்கே வைத்து 'ரிதம்' போட்டிருக்கலாம்: ஆர், எச், ஒய், டி, எச், எம். தாளம், லயம். ஆறெழுத்து, கையிலிருந்து ஐந்து காய் போகும். பலகைக் கட்டங்கள் தரும் கூடுதல் புள்ளி இல்லாமலே 17. பி, எல் இரண்டும் மிச்சம்.

ஆயர் ஈத்தாம் தம்பி:
ஆறெழுத்து என்றால் 'சிசிஜி' உண்டு அக்கா: எஸ், ஒய், இசட், ஒய், ஜி, ஒய். சூரியன், பூமி, நிலா ஒரே கோட்டில் நிற்பது. அமாவாசை, பௌர்ணமியில் கடல் வழக்கத்தைவிட அதிகம் ஏறுவது அதனால்தான்.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர்:
நல்ல சொல் தம்பி. ஆனால் அதில் மூன்று ஒய். ஆங்கிலப் பெட்டியின் 100 காய்களில் ஒய் இரண்டே இரண்டு. எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் காய் ஒன்று கையில் இருந்தால்தான் வைக்க முடியும். 1930களில் ஆல்ஃபிரட் பட்ஸ் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணித்தான் காய்களைப் பிரித்தார்.

இரண்டு ஒய்யும் கையில் வந்தால் 'பிக்மி' பாருங்கள்: பி, ஒய், ஜி, எம், ஒய். உருவில் சிறியது. சபாவில் இருக்கும் யானைகளுக்குக்கூட போர்னியோ பிக்மி யானை என்றுதான் பெயர். கிரேக்கத்தில் முழங்கையிலிருந்து விரல் முட்டி வரைக்குமான ஓர் அளவிலிருந்து வந்தது. நம் முழத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

ஜெலுத்தோங் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நோட்டில் எழுதிக் கொடுத்தேன். இன்று சாயங்காலம் விளையாடியபோது ஒய் ஒன்றுதான் வந்தது. 'கிரிப்ட்' வைத்தாள், 12 புள்ளி. பொருள் கேட்டதும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து, "இதுதாம்மா" என்றாள்.