அம்மாவுக்கு ஜீபி அப்பொயின்ட்மென்ட் எடுப்பது எப்படி? எட்டு மணிக்கு நான் ரயிலில் நிற்கிறேன்

ஹரோ மகள்:

வணக்கம். லண்டனில் எங்கள் ஜீபி சேர்ஜரி (குடும்ப டொக்டரின் கிளினிக்) விஷயமாக ஒரு உதவி வேண்டும், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. சலரோகமும் (நீரிழிவு) பிரஷரும் பல வருடமாக உண்டு, இந்தக் குளிரோடு முழங்கால் நோவும் சேர்ந்துவிட்டது. எங்கள் சேர்ஜரியில் காலை 8 மணிக்குத்தான் போன் லைன் திறக்கும், அந்த நேரம் நான் வேலைக்குப் போகிற ரயிலில். போன திங்கட்கிழமை எட்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதே அடிக்கத் தொடங்கினேன். 'வரிசையில் நீங்கள் 23ஆவது ஆள்' என்றது மெஷின் குரல். சரி என்று காதில் வைத்தபடியே நின்று, 4ஆவது ஆளாக வந்த நேரம் பார்த்து ரயில் பின்ச்லி ரோட் தாண்டிச் சுரங்கத்துக்குள் போய் லைன் அறுந்துவிட்டது. பேக்கர் ஸ்ட்ரீட்டில் இறங்கி மறுபடி அடித்தால் 31ஆவது ஆள்.

ஆன்லைன் ஃபோர்மும் இருக்கிறது. அம்மாவுக்கு ஈமெயில் இல்லாதபடியால் என்னுடையதைப் போட்டு நிரப்பி அனுப்பினேன், நோயாளியின் சம்மதம் இல்லாமல் உங்களோடு கதைக்க முடியாது என்று பதில் வந்தது. தம்பிக்குச் சென்ற மாதம் ஒருநாள் லீவு கிடைத்து அவன்தான் கூட்டிப்போனான். அம்மா அங்கே போய் முழங்காலை மட்டும் காட்டிவிட்டு வந்துவிட்டார். பிறகுதான் என்னிடம் மெல்லச் சொல்கிறார், நாலைந்து நாளாகச் சலக்கடுப்பும் (சிறுநீர் போகும்போது எரிவு) இருக்கிறதாம். ஏன் அங்கே சொல்லவில்லை என்றால், "பெடியனுக்கு முன்னால அதையெல்லாம் சொல்லலாமோ?" என்கிறார். இப்போது அது திரும்ப வந்திருக்கிறது, இன்றோடு மூன்று நாள். ஜீபியிடம் போகாமல் பாமசியிலேயே இதற்கு மருந்து தருவார்கள் என்று கேள்விப்பட்டு நேற்றுக் கூட்டிப்போனேன், வயதைக் கேட்டுவிட்டு முடியாது என்றுவிட்டார்கள்.

அம்மாவின் முறைப்பாடு வேறு: "ஊரில எண்டால் காசைக் கட்டி ஒரு டொக்டரைச் சனல் பண்ணிப்போட்டு நம்பரோட போய் இருந்தால் ஆளைப் பாத்திடலாம். இஞ்ச சும்மா பாக்கிறாங்கள் எண்டு சொல்லிப்போட்டு ஆளையே கண்ணில காட்டுறாங்களில்லை."

கேட்க வந்தது இதுதான். அவருக்காக நான் கதைக்க என்ன செய்ய வேண்டும்? ஃபோர்மில் எப்படி எழுதினால் எடுபடும்? தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்மையிலேயே கிடைப்பார்களா?


மேசைக்குப் பின்னால்:

தங்கச்சி, முதலில் சலக்கடுப்பு. மற்றதெல்லாம் பிறகு. 74 வயது, சலரோகம், மூன்று நாள்: இதற்கு ஆன்லைன் ஃபோர்ம் நிரப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே போன் எடுங்கள், அல்லது நேரே போங்கள், சேர்ஜரி பூட்டிவிட்டால் 111, அது என்எச்எஸ் என்ற அரச மருத்துவ சேவையின் உதவி லைன். காய்ச்சல், நடுக்கம், முதுகின் பக்கவாட்டில் நோ, அல்லது அம்மா திடீரென்று குழம்பிக் கதைக்கிறார் என்றால் இதை வாசித்துக்கொண்டு இருக்கவே வேண்டாம். வயது போனவர்களுக்குச் சலத்தில் கிருமி இருந்தால் சில வேளை முதலில் குழம்புவது மூளைதான்.

பாமசிக்காரர் சொன்னது சரி. 2024 ஜனவரி கடைசியில் இங்கிலாந்தில் தொடங்கிய 'பாமசி ஃபர்ஸ்ட்' திட்டத்தில் ஏழு வருத்தங்களுக்கு அவர்களே மருந்து தரலாம், ஆனால் சலக்கடுப்புக்கு 16 முதல் 64 வயது வரையான பெண்களுக்கு மட்டும்தான். உங்களுக்கு வந்தால் தருவார்கள், அம்மாவுக்குத் தரமாட்டார்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். நான் லண்டனில் ஒரு சேர்ஜரியில் ரிசெப்ஷனில் இருக்கிறேன், எது என்று கேட்காதீர்கள். உங்களோடு கதைக்க மாட்டோம் என்று சொன்னது திமிரால் இல்லை. போனில் 'நான் மகள்' என்று சொல்பவர் மகள்தானா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மாவை ஒருதரம் நேரே கூட்டிப்போங்கள். இரண்டு விஷயம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று, மகளோடு என் விஷயங்களைக் கதைக்கலாம் என்று அம்மாவின் ரெக்கோர்டில் குறிப்பு ஏற்றச் சொல்லுங்கள். இரண்டாவது 'ப்ராக்ஸி ஆக்ஸஸ்' ஃபோர்ம். அதில் அம்மா கையெழுத்து வைத்தால், என்எச்எஸ் ஆப்பில் உங்கள் கணக்குக்குள்ளேயே அம்மாவின் பக்கத்துக்கு மாறி அப்பொயின்ட்மென்ட், மருந்து எல்லாம் பார்க்கலாம். அம்மாவுக்குத் தனி ஈமெயில் தேவையில்லை. எவ்வளவு பார்க்கலாம் என்பதை அவர்தான் தீர்மானிப்பார், மருந்து மட்டும் என்றால் மருந்து மட்டும். முதல் குறிப்பு பெரும்பாலும் அன்றைக்கே ஏறிவிடும், இரண்டாவதுக்கு நாள் எடுக்கும், ஆகவே இரண்டையும் ஒன்றென்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அம்மாவின் பக்கத்தில் இருக்கிற மொபைல் நம்பரையும் அப்போதே பாருங்கள். எங்கள் ரெக்கோர்டுகளில் பாதிப் பேருக்கு நாலு வருடத்துக்கு முந்தின நம்பர்தான் இருக்கிறது.

ஃபோர்ம். இதுதான் நான் சொல்ல விரும்புவது. ஒரு நாளைக்கு எத்தனையோ ஃபோர்ம் வரும், அதைப் பிரிக்கிற டொக்டருக்கு ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு நிமிடம்தான். 'அம்மாவுக்கு முழங்கால் நோ, டொக்டரைப் பார்க்க வேண்டும்' என்று வந்தால் அது அடியில்தான் போகும். இப்படி எழுதிப் பாருங்கள்: 'வலது முழங்கால், ஆறு கிழமையாக. விழவில்லை. காலையில் வீக்கம். படி ஏற முடியாமல் இப்போது கீழ்த்தளத்தில் படுக்கிறார். பரசிட்டமோல் ஒரு நாளைக்கு நாலு வேளை, பலன் இல்லை. சலரோகம் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். என் நம்பர் இது, 12க்கும் 1க்கும் இடையில் எடுக்கலாம்.' படி ஏற முடியவில்லை, கீழே படுக்கிறார் என்ற ஒரு வசனம் 'கடுமையான நோ' என்பதை மூன்று தரம் எழுதுவதை விடப் பெறுமதி. அதோடு முழங்காலுக்கு டொக்டர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், பல சேர்ஜரிகளில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரே நேரடியாகப் பார்ப்பார், சில வேளை அது டொக்டரை விடச் சீக்கிரம் கிடைக்கும்.

மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், காசு இல்லை. ஆனால் புக் பண்ணும்போதே சொல்ல வேண்டும், வந்து இருந்த பிறகு கேட்டால் எங்களுக்கும் தலையிடி. சாதாரண அப்பொயின்ட்மென்ட் 10 நிமிடம், மொழிபெயர்த்தால் அதில் பாதி போய்விடும், ஆகவே 'டபுள் அப்பொயின்ட்மென்ட்' என்று கேளுங்கள். பெண் டொக்டர் அல்லது பெண் நர்ஸ் வேண்டும் என்றும் கேட்கலாம். அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.


ஈஸ்ட்ஹாம் மாமா:

பிள்ளை, நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். ஒரே வழிதான். ஏழரைக்கே போய்க் கதவடியில் நில்லுங்கோ. போனில் 'இல்லை' என்று சொல்கிற அதே பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்ல யோசிக்கும். ஆப்பும் கோப்பும் எல்லாம் பேப்பரில்தான். எனக்கு ஒருநாள் 'இன்றைக்கு எல்லாம் முடிந்துவிட்டது, நாளைக்கு எட்டு மணிக்கு எடுங்கள்' என்றார்கள், நாளைக்கு எடுத்தால் அதே பாட்டு.


ரெடிங்வாசி:

மாமா சொன்ன அந்த 'நாளைக்குக் கூப்பிடுங்க' பதிலை அவங்க சொல்லவே கூடாது. 2023 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் ஜீபி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது: முதல் தடவை தொடர்பு கொள்ளும்போதே என்ன தேவை என்று பார்க்க வேண்டும், அல்லது சரியான இடத்துக்கு வழிகாட்ட வேண்டும், இன்னொரு நாள் கூப்பிடு என்று திருப்பி அனுப்பக் கூடாது. அன்றைக்கே டாக்டரைக் காட்ட வேண்டும் என்று அர்த்தம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே மாதிரி 2025 அக்டோபர் 1 முதல் அவசரமில்லாத விஷயங்களுக்கான ஆன்லைன் ஃபார்ம் காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்தே இருக்க வேண்டும். எட்டரைக்கே மூடினால் பிராக்டிஸ் மேனேஜருக்கு மரியாதையாக ஒரு மெயில் போடுங்க. அவரிடம் சொல்ல விருப்பமில்லை என்றால் உங்க ஏரியாவின் என்எச்எஸ் சேவைகளைக் கவனிக்கிற ஐசிபி என்ற அமைப்புக்கு எழுதலாம். நான் ஒரு தடவை மேனேஜருக்கு எழுதினேன், சண்டை போடாமல், தேதியும் நேரமும் மட்டும் போட்டு. இரண்டு நாளில் பதில் வந்தது.

என் அனுபவத்தில் இன்னும் இரண்டு. வேலைக்குப் போகிறவர்கள் மாலை 6.30க்கு மேல், இல்லைன்னா சனிக்கிழமை இருக்கா என்று பெயர் சொல்லிக் கேட்கணும், அதற்கு 'என்ஹான்ஸ்டு ஆக்ஸஸ்' என்று பெயர். பக்கத்து சர்ஜரிகள் சேர்ந்து நடத்துவதால் வேறு கட்டிடத்துக்குப் போக வேண்டியிருக்கலாம். கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்வதில்லை. இரண்டாவது, டாக்டர் போனில் கூப்பிடும்போது நம்பர் தெரியாது, 'நோ காலர் ஐடி' என்றுதான் வரும். ஏதோ லோன் விற்கிறவன் என்று நான் கட் பண்ணிவிட்டேன், திரும்பவும் வந்தது, திரும்பவும் கட். ரெக்கார்டில் 'தொடர்பு கொள்ள முடியவில்லை' என்று ஏறி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. தெரியாத நம்பரை எடுக்காமல் விடுகிற செட்டிங் போனில் இருந்தால் அன்றைக்கு மட்டும் அணைத்து வையுங்க.

ஊரில் முக்குக் கிளினிக்கில் டோக்கன் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவோம், அந்த நினைப்பிலேயே முதல் வருடம் போனது.


மேசைக்குப் பின்னால்:

ஈஸ்ட்ஹாம் அண்ணை, முகத்தைப் பார்த்து யோசிப்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏழரைக்கு வந்து நிற்பவருக்கும் எட்டுக்கு லைனில் வருபவருக்கும் ஒரே லிஸ்ட்தான், கதவடியில் நிற்பவருக்கென்று நாங்கள் தனியாக ஒன்றை ஒளித்து வைப்பதில்லை. முழங்கால் நோவோடு ஒரு அம்மாவை அந்தக் குளிரில் நிறுத்தவும் வேண்டாம்.

இன்னொன்று, எல்லோருக்கும். வரமுடியாவிட்டால் ரத்துச் செய்யுங்கள், நினைவூட்டும் டெக்ஸ்டிலேயே பெரும்பாலும் அதற்கு வழி இருக்கும். முதல் நாள் இரவு ரத்துச் செய்தாலும் காலையில் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம். சொல்லாமல் விட்டால் ரெக்கோர்டில் 'வரவில்லை' என்று ஏறும், அது கூடினால் எச்சரிக்கைக் கடிதம் வரும்.


ஹரோ மகள்:

எல்லோருக்கும் நன்றி. அன்றைக்கே அரைநாள் லீவு போட்டு நேரே கூட்டிப்போனேன் (மாமா, ஏழரைக்கு இல்லை, பத்து மணிக்கு). 'சலரோகம், 74, மூன்று நாள்' என்று அக்கா சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன், மேசையில் இருந்த பிள்ளை உடனே நிமிர்ந்து பார்த்தது. சலம் எடுக்கப் போத்தில் ஒன்று தந்து, பின்னேரம் 3.20க்கு நர்ஸ் பார்த்தார். மருந்து எழுதும் நர்ஸ், பெண். அம்மாவுக்கு அதுவே பாதிச் சுகம்.

மொழிபெயர்ப்பாளர் போனில், ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்தப் பக்கம் இருந்த அம்மா கோயம்புத்தூர்ப் பக்கம் போல, இங்கே எங்கள் அம்மா "சலக்கடுப்பு" என்கிறார், அங்கே "என்னங்கம்மா, சளியா?" என்கிறார். இரண்டு தரம் அப்படிப் போய், நர்ஸ் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்க்க, நான் கடைசியில் "ஒண்ணுக்குப் போகும்போது எரியுதாம்" என்று குறுக்கே சொன்னேன். "ஓ, நீர்க்கடுப்பா!" என்று அந்த அம்மா சிரித்துவிட்டார். ஊர்ப்பக்கச் சொல்லோடு போகிறவர்கள் இந்தச் சொல்லையும் கையில் வைத்திருங்கள்.

அன்டிபயோட்டிக் முடிந்துவிட்டது, எரிவு இல்லை. முழங்காலுக்கு அக்கா எழுதித் தந்த மாதிரியே ஃபோர்மை அனுப்பினேன், படி ஏறாத கதையோடு. பிசியோவுக்கு அடுத்த கிழமை வியாழன் கிடைத்திருக்கிறது. ப்ராக்ஸி ஃபோர்மிலும் கையெழுத்து வைத்தாயிற்று, இன்னும் ஆப்பில் வரவில்லை. ரெக்கோர்டில் இருந்த மொபைல் நம்பர் தம்பியுடையது, ஐந்து வருடமாக அம்மாவின் டெக்ஸ்ட் எல்லாம் அவனுக்குத்தான் போயிருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை மாற்றி என்னுடையதைப் போட்டுவிட்டேன். அவனுக்கு இன்னும் தெரியாது.