தோடுடைய செவியன்: மூச்சு எங்கே விடுவது? ஓதுவார்களிடம் ஒரு கேள்வி

வணக்கம். சிறுவர் தேவார வகுப்புக்கு முதல் திருமுறையின் முதல் பதிகமான தோடுடைய செவியனை எடுத்திருக்கிறோம். பண் (தேவாரத்தின் பழைய ராக முறை) நட்டபாடை. வழக்கம்போல் கம்பீரநாட்டை ராகத்தில்தான் பாடம்.

சிக்கல் சீர் பிரிப்பில், அதாவது அடியை ஓசை அளவுப்படி துண்டாக்குவதில். பதிப்பில் "தோடுடையசெவி யன்விடையேறியோர் தூவெண்மதிசூடி" என்று அச்சாகியிருக்கிறது. யாப்புக்கு அது சரி. பிள்ளைகளோ அச்சைப் பார்த்து "செவி"யில் மூச்சு விட்டு, "யன்விடை" என்று புதுச் சொல்போல் எடுக்கிறார்கள். பொருள் பிரித்த படியைக் கொடுத்தால் பொருள் புரிகிறது, ஆனால் "செவியன்" முடிந்ததும் நிறுத்துவதால் தாளம் நழுவுகிறது. இப்போதைக்கு "செவி"யின் இகரத்தைச் சற்று நீட்டி, மூச்சை விடாமல் "யன்" சேர்த்து, "ஏறி"க்குப் பிறகே மூச்சு விடச் சொல்கிறோம். உங்கள் பாடமுறையிலும் இப்படித்தானா? பதினொரு பாட்டுக்கும் இதே இடம் ஒத்து வருமா?

இன்னொன்று. சுரவரிசையில் இறங்கும்போது "மகச" வரவேண்டிய இடத்தில் "மரிச" என்று நாட்டை என்ற வேறு ராகம் புகுந்துவிடுகிறது. ரிஷபமும் (ரி) தைவதமும் (த) இல்லாத ஔடவம், அதாவது ஐந்து சுர ராகம் என்று சொன்னால் தலையாட்டுகிறார்கள், பாடும்போது மறுபடி ரி. சகமபநிச, சநிபமகச மட்டும் பத்து முறை பாடவைத்துப் பதிகத்துக்குப் போனால் கொஞ்சம் குறைகிறது. வேறு வரிசை ஏதும் இருந்தால் சொல்லுங்கள்.

சுருதி (பாட்டின் ஆதார ஷட்ஜத்தின் உயரம்) 5 கட்டை. குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு மேல் ஷட்ஜம் எட்டவில்லை. நான்கரைக்கு இறக்கினால் போதுமா, தனியாக 1 கட்டையில் உட்கார வைப்பதா?

குரல் பதிவாக அனுப்பினால் இன்னும் நல்லது. முதல் பாட்டு மட்டும் போதும்.